ஊஞ்சல் பலகையின் கறை

ஊரை விட்டு மும்பைக்கோ தில்லிக்கோ குடிவந்த நம்மில் சிலர், பூர்விக வீட்டைக் கொடுத்துவிட்ட பிறகும், அதன் தேக்கு ஊஞ்சல் பலகையை மட்டும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறோம். புதிய வீட்டில் அதற்கு மெருகு பூச முற்படும்போதுதான், இரும்பு வளையங்கள் மாட்டியிருந்த நான்கு மூலைகளிலும் நீலங்கலந்த கறுப்புக் கறை கண்ணில் படுகிறது. இழைத்துவிடலாம் என்கிறார் தச்சர். கருஞ்சாயம் ஏற்றி மறைக்கலாம் என்கிறார் இன்னொருவர். இரண்டுக்கும் நாம் அவசரப்பட வேண்டியதில்லை. இழைப்புளி பலகையின் மேனியைக் கொண்டுபோகும். துளையோரத்தில் ஆழ இறங்கிய கறையோ பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

இக்கறை அழுக்கன்று. மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும், ஈரத்தில் கரைந்த இரும்பும் கூடிப் பிறந்த ஒருவகை மையே இது. கடுக்காய்க் கஷாயத்தில் அன்னபேதியைச் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சினார்களல்லவா? அதே வேலைதான் இங்கும் நடந்திருக்கிறது. ஆகவே சோப்பு இதற்கு உதவாது. ஆக்ஸாலிக் அமிலம் என்னும் வெண்படிகமே அந்த இரும்பைப் பற்றிக் கரைக்க வல்லது. மருந்துச் சரக்குக் கடையில் ஆக்ஸாலிக் ஆசிட் என்றே கேட்கலாம். எந்த மாநிலத்திலும் அதற்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

முதலில் பழைய மெருகை முற்றிலும் நீக்கிவிட வேண்டும். மெருகின்மீது அமிலம் இறங்காது. கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஒரு கோப்பை வெந்நீருக்கு ஒரு மேசைக்கரண்டி படிகத்தைக் கரைத்துக்கொள்வோம். கறையில் மட்டும் தடவினால் அவ்விடம் தேமல்போல் வெளுத்து நிற்கும். ஆதலால் பலகை முழுவதும் தூரிகையால் பூசி, உலர விட்டு, நல்ல நீரால் பலமுறை கழுவ வேண்டும். பின்பு சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, மீண்டும் ஒருமுறை கழுவுவது நலம். கழுவுவதற்குமுன் உப்புத்தாளைத் தொடவே கூடாது. அத்தூள் மூக்கையும் தொண்டையையும் எரிக்கும். இது நஞ்சு, பார்வைக்குச் சர்க்கரை போலிருக்கும். கையுறை, கண்ணாடி அணிந்து வேலை செய்வதோடு, மீதியைக் குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும்.

எல்லாக் கறைக்கும் இது மருந்தன்று. காப்பி டம்ளர் வைத்த வெள்ளை வட்டம் மெருகில் உள்ளதே தவிர, மரத்தில் இல்லை. மெருகோடு அதுவும் போய்விடும். தலை சாய்த்துச் சாய்த்து ஏறிய எண்ணெய்க் கறைக்கு டர்பன்டைனும் சீமைச் சுண்ணாம்புக் குழம்பும் வேண்டும். அதுவும் ஓரளவுக்குத்தான் விடும். பேனா மைக்குப் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஏற்றது. ஆனால் அதையும் அமிலத்தையும் ஒருங்கே சேர்த்தால் குளோரின் என்னும் நச்சுப் புகை எழும். ஒன்றைச் செய்த அன்று மற்றொன்றை எடுக்காதிருப்போமாக.

கழுவிய பலகை நிழலில் இரண்டொரு நாள் உலரட்டும். மும்பை மழைக்காலமானால் இன்னும் அதிகம். சிலும்பிய நாரை மெல்லிய உப்புத்தாளால் தடவிவிட்டு, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துப் பார்ப்போம். ஈரத்தில் தெரியும் கறை மெருகிலும் தெரியும். தெரிந்தால், மெருகு டப்பாவைத் திறவாமல் அமிலத்தை இன்னொரு முறை பூசலாம். அதற்கும் அசையாவிட்டால் அது இரும்புக் கறையாக இல்லாமலும் இருக்கலாம்.