மூன்று இலட்சம் மேற்கோள்

அமெரிக்காவிலே செயின்ற் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தில் மருந்தியற் பகுதியின் தலைவராயிருந்தவர் ஒலிவர் லௌரி. தம்முடன் பணிபுரிந்த மூவரோடு சேர்ந்து 1951ஆம் ஆண்டில் அவர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்டார். பதினொரு பக்கங்களே கொண்ட அக்கட்டுரையில் புதிய கொள்கை எதுவும் நாட்டப்படவில்லை. பழைய கொள்கை எதுவும் வீழ்த்தப்படவுமில்லை. ஒரு திரவத்தில் எவ்வளவு புரதம் இருக்கின்றது என்பதை அளந்தறியும் முறையே அதன் பொருள். புரதத்தோடு காரமும் செப்பு உப்பும் சேர்த்துச் சிறிது நேரம் வைத்துப் பின்னர், போலின் என்பாரின் பெயரால் வழங்கும் பழைய இரசாயனக் கரைசலைக் கலந்தால் நீலநிறம் தோன்றும். புரதம் மிகுந்தால் நீலமும் மிகும். அந்நிறத்தின் செறிவை ஒளிமானியால் அளந்துவிட்டால் புரதத்தின் அளவு தெரிந்துவிடும்.

இந்தக் கட்டுரையை 2014ஆம் ஆண்டு வரையில் மற்றைய ஆராய்ச்சியாளர் ஏறக்குறைய 305,000 தடவை மேற்கோள் காட்டியிருந்தனர். இன்னார் எழுதிய இன்ன கட்டுரையைப் பயன்படுத்தினோம் என்று கட்டுரையின் ஈற்றில் குறித்து வைப்பதே விஞ்ஞானிகளிடையே மேற்கோள் எனப்படுவது. அதுவரை எண்ணப்பட்ட கட்டுரைகளுள் வேறெதற்கும் இத்தனை மேற்கோள் கிடைத்ததில்லை. டி.என்.ஏ. மூலக்கூறின் இரட்டைச் சுருளமைப்பை 1953இல் வாற்சனும் கிறிக்கும் வெளியிட்டார்களே, உயிரியலின் போக்கையே மாற்றிய அந்தக் கட்டுரைக்கு அதே கணக்கின்படி கிடைத்தவை ஐயாயிரத்துச் சொச்சமே. மேற்கோளால் முன்னிற்கும் நூறு கட்டுரைகளின் வரிசையில் அதற்கு இடமே கிடைக்கவில்லை.

அப்படியாயின் லௌரியின் கட்டுரை இரட்டைச் சுருளைக் காட்டிலும் அறுபது மடங்கு பெரிதா என்று நேயர்கள் கேட்கலாம். வீடு கட்டுகின்றவர் ஒவ்வொரு சுவருக்கும் தூக்குக்குண்டை எடுக்கத்தான் வேண்டும். ஊரிலுள்ள வீடுகள் எல்லாவற்றிலும் அதன் வேலை இருக்கின்றது. அதற்காகத் தூக்குக்குண்டை மாளிகையென்று எவரும் சொல்வதில்லை. ஈரலை ஆராய்பவரும், பற்றீரியாவை ஆராய்பவரும், மூளையை ஆராய்பவரும் தத்தம் பரிசோதனைக் குழாயில் உள்ள புரதத்தை அளந்தாக வேண்டியிருந்தது. அளந்தவர் ஒவ்வொருவரும் லௌரியின் பெயரை எழுதினர்.

இதை எல்லோரிலும் நன்றாக அறிந்திருந்தவர் லௌரியே. அது பெரிய கட்டுரையன்று, தம்முடைய வேறு பல கட்டுரைகளே தமக்கு அதிக திருப்தி தந்தவை என்று 1977இல் அவர் எழுதினார். ஆயினும் அதற்குக் கிடைத்த வரவேற்பில் தமக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி உண்டென்பதையும் அவர் மறைக்கவில்லை. அவர் மனம் ஒன்றிய வேலை வேறு. தனியொரு நரம்புக் கலத்தைப் பிரித்தெடுத்து, அதனுள் நிகழும் இரசாயன மாற்றங்களை அளக்க முயன்றவர் அவர். அத்துணைச் சிறிய பொருளை நிறுக்கச் சாதாரணத் தராசு உதவாது. ஆகையால் மெல்லிய குவாட்ஸ் இழையொன்றின் ஒரு முனையைப் பொருத்தி, மறுமுனையிலே கலத்தை வைத்து, மீன் பிடிக்கும் தூண்டிற்கோல் வளைவது போல அவ்விழை எவ்வளவு வளைகின்றது என்று நுணுக்குக்காட்டியால் பார்த்து நிறையைக் கணித்தார். பொறுமையின் எல்லையென்றே அந்த வேலையைச் சொல்லவேண்டும். ஆனால், அதைச் செய்யவல்ல கைகள் உலகில் மிகச் சிலவே; எனவே அதைப் பற்றிய மேற்கோளும் குறைவே.

மேற்கோள்களை எண்ணும் வழக்கம் நிறுக்கும் நோக்கத்தோடு தொடங்கியதன்று. ஒரு பழைய தீர்ப்பைப் பின்னர் எந்தெந்த வழக்குகளில் எடுத்தாண்டார்கள் என்று காட்டும் அட்டவணை அமெரிக்க வழக்கறிஞரிடையே 1873 முதல் இருந்துவந்தது. அதைக் கண்ட யூஜீன் கார்பீல்ட் என்பவர், விஞ்ஞானத்துக்கும் அத்தகையதொன்று வேண்டுமென 1955இல் எழுதினார். 1964இல் பிலடெல்பியாவிலிருந்து அவரது மேற்கோள் அட்டவணை வெளிவந்தது. ஒரு கருத்து எங்கெங்கே சென்றது என்று தேடிக் கண்டுபிடிக்க அது உதவியது. தேடுவதற்கு வந்த ஏடு சில காலத்துக்குள்ளேயே ஆளை நிறுக்கும் தராசாகவும் ஆகிவிட்டது.

தராசென்றால் எல்லாக் கடைக்கும் ஒரே படி வேண்டுமல்லவா? விஞ்ஞானத் துறைகளிடையே அந்த ஒருமை இல்லை. உயிரிரசாயனத்தில் எழுதுவோர் தொகை பெரிது. ஒவ்வொரு கட்டுரையின் ஈற்றிலும் மேற்கோள்கள் பலவாக நிற்கும். ஒரு முடிவு வெளிவந்த சில மாதங்களிலேயே பிறர் அதை எடுத்தாள்வர். கணிதத்திலோ எழுதுவோர் சிலர், மேற்கோளும் சுருக்கம், ஒரு தேற்றத்தின் பயன் தெரியவே பல ஆண்டுகள் செல்லும். சில கட்டுரைகள் பிறந்த வீட்டிலன்றிப் புகுந்த வீட்டிலே புகழ் பெறுவதும் உண்டு. கப்லன், மையர் என்னும் இருவர் 1958இல் புள்ளிவிபரவியற் சஞ்சிகையொன்றில் எழுதிய கணக்குமுறை, நோயாளர் எத்தனை காலம் உயிர்வாழ்கின்றனர் என்று மதிப்பிட மருத்துவர்களுக்குப் பயன்பட்டது. அதன் மேற்கோள்கள் மலைபோலக் குவிந்தது மருத்துவ ஏடுகளிலேதான்.

கலிபோர்ணியாவைச் சேர்ந்த பௌதிக விஞ்ஞானி ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் ஒரு சுட்டெண்ணை வகுத்தார். ஒருவரது கட்டுரைகளுள் இருபது கட்டுரைகள் தலைக்கு இருபது மேற்கோளேனும் பெற்றிருந்து, இருபத்தொன்றுக்கு அவ்வாறு எட்டவில்லையாயின், அவருடைய சுட்டெண் 20. இந்தக் கணக்கிலே லௌரியின் மூன்று இலட்சமும் ஒரேயொரு கட்டுரையாகவே எண்ணப்படும். துறைக்குத் துறை இவ்வெண் வேறுபடும் என்பதை ஹிர்ஷே அப்பொழுது சொல்லியிருந்தார். அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டு எண்ணை மாத்திரம் பலர் எடுத்துக்கொண்டனர். உத்தியோகமும் பதவியுயர்வும் வழங்குவோர் கட்டுரையைப் படியாமல் எண்ணைப் பார்ப்பது பல இடங்களில் வழக்கமாயிற்று. இச்சுட்டெண்ணால் தீங்கும் விளையக்கூடும் என்று 2020இல் ஹிர்ஷே எழுத நேர்ந்தது.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்பித்த பீற்றர் ஹிக்ஸ், துணிக்கைகளுக்குத் திணிவு வருவது எவ்வாறு என்பது பற்றி 1964இல் இரண்டு சிறு கட்டுரைகள் எழுதினார். அவற்றுள் இரண்டாவதை முதலில் அனுப்பிய சஞ்சிகை ஏற்கவில்லை; வேறொரு சஞ்சிகையே அதை வெளியிட்டது. அதன்பின்னர் தம் வாழ்நாளில் அவர் வெளியிட்டவை பத்துக்கும் குறைவு. அவர் முன்னுரைத்த துணிக்கை 2012இல் ஜெனீவாவில் கண்டுபிடிக்கப்பட்டு, 2013இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அவ்வாண்டில், இக்காலத்தில் தமக்கு ஒரு பல்கலைக்கழக வேலையும் கிடைத்திராது என்று அவர் பத்திரிகையாளரிடம் சொன்னார். அண்மையில் வெளியான கட்டுரைகளின் பட்டியலை அனுப்புமாறு பகுதியினர் கேட்டபொழுதெல்லாம், ஒன்றுமில்லை என்றே அவர் எழுதி அனுப்பிவந்தாராம்.