வாரன்டி தாளின் கடைசிப் பக்கம்

பழைய கார் வாங்கப் போகிறீர்கள். "இன்னும் கொஞ்சம் கட்டினால் ஒரு வருஷம் கூடுதல் வாரன்டி" என்கிறார் விற்பவர். கட்டலாமா?

முதலில் அந்த வாரன்டி தாளைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். எதெல்லாம் சேராது என்ற பட்டியல் பொடி எழுத்தில் இருக்கும். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், டயர் போன்ற தேயும் பொருள்கள் பெரும்பாலும் சேராது. வெள்ளநீர் புகுந்த இன்ஜினும் அப்படியே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர், கொரட்டூர், ஆவடித் தெருக்களில் தண்ணீர் நின்றதே, அந்த மாதிரி நேரத்தில் கைகொடுப்பது வாரன்டி அல்ல. காப்பீட்டோடு தனியாகச் சேர்க்கும் இன்ஜின் பாதுகாப்புதான்.

வாங்குமுன் சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருந்தால், வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கலாம். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்தும் பாருங்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர், டர்போ உள்ள வண்டியில் ஒரு பழுதே பெரிய செலவு வைக்கும். அதற்கு வாரன்டி பயன்படலாம். எளிய சின்ன கார் என்றால், அந்தப் பணத்தைப் பழுதுச் செலவுக்கென்று தனியே எடுத்து வையுங்கள். வாரன்டி வாங்கியபின் விற்பவர் சொன்னபடி நடக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

வாய்வார்த்தையை நம்பிப் பணம் கட்டாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.