எந்த வலிக்கு எண்ணெய், எந்த வலிக்கு டாக்டர்?

 

இன்றைக்கு நாம் பேசப்போவது எண்ணெய் தேய்த்து நீவி விடுகிற வைத்தியத்தைப் பற்றி. "இதிலே பேச என்ன இருக்கு? பாட்டி காலத்துலேருந்து செய்யறதுதானே" என்று கேட்பீர்கள். நீவுவது கெட்ட பழக்கம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் எந்த வலி வந்தாலும் காரணம் பார்க்காமல் அதே எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கிறோமே, அதனால் சில வீடுகளில் கை போகிறது, கால் போகிறது, உயிரே போகிறது. அதைத் தடுக்கத்தான் இந்தப் பேச்சு.

நீவினால் என்ன நடக்கிறது?

நம்ம மாவட்டத்திலே உடம்பு வலிக்குக் குறைவில்லை. நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன்னே குனிந்து மல்லிகைப் பூ எடுக்கிறவர்கள், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் ஷிப்டு முழுக்க நிற்கிறவர்கள், சின்னாளபட்டியில் தறியில் உட்கார்ந்து நெய்கிறவர்கள் என்று எல்லாருக்கும் இடுப்பும் தோளும் வலிக்கத்தான் செய்யும். ஒரே நிலையில் வெகுநேரம் இருந்தால் தசை இறுகிப் போகிறது. இளஞ்சூடான எண்ணெய் தொட்டுப் பதமாக நீவினால் இறுக்கம் தளர்கிறது, வலி கொஞ்ச நேரம் மட்டுப்படுகிறது, நல்ல தூக்கம் வருகிறது. அவ்வளவுதான். உடைந்த எலும்பை அது சேர்க்காது. அடைத்த ரத்தக்குழாயைத் திறக்காது.

நம்ம சித்த வைத்தியத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை சொல்லியிருக்கிறார்கள். ஒரே கலைக்கு ஒன்பது முறை வகுத்தார்கள் என்றால், எல்லா உடம்புக்கும் எல்லா வலிக்கும் ஒரே அமுக்கு ஆகாது என்றுதானே பொருள்? "தொக்கம் எடுக்கிறேன்" என்று சொல்லி வயிற்றிலிருந்து சோற்றுருண்டை எடுத்துக் காட்டுகிறார்களே, அது வேறு. அது ஏமாற்று வேலை. பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று இரண்டையும் குழப்பிக் கொள்ளாதீர்கள்.

நாள்பட்ட இடுப்பு வலிக்கு என்ன செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சியும், வலியைப் பற்றிய விளக்கமும் அதில் இருக்கின்றன. நீவி விடுவதும் பயன்படலாம் என்று இருக்கிறது. ஆனால் இடுப்பில் பெல்ட் கட்டுவதையும், எடை கட்டி இழுப்பதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே நீவுதல் துணைதான். தினமும் நடப்பது, குனிகிற முறையை மாற்றுவது, கற்றுக்கொண்ட பயிற்சியை விடாமல் செய்வது ஆகியவையே நிரந்தர மருந்து.

எந்த வலிக்கு நீவலாம்?

தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வழியில் உட்கார்ந்து கெண்டைக்காலை நீவி விட்டுக் கொள்கிறார்கள். அந்த வலியைக் கவனியுங்கள். காரணம் தெரிகிறது. இரண்டு காலும் ஒரே மாதிரி வலிக்கிறது. ஓய்வெடுத்தால் குறைகிறது. இப்படிப்பட்ட வலிக்குத் தாராளமாக நீவலாம். காரணம் தெரியாத வலி, ஒரு பக்கம் மட்டும் வீக்கம், நாளுக்கு நாள் கூடுகிற வலி என்றால் எண்ணெயைத் தூக்கி வையுங்கள். முதலில் டாக்டர், பிறகுதான் மற்றதெல்லாம்.

கை வைக்கவே கூடாத இடங்கள்

ஒன்று, அடிபட்ட இடம். பையன் மரத்திலிருந்து விழுந்து முழங்கை வீங்கியிருக்கிறது. "சுளுக்குத்தான், வழிச்சு விட்டாச் சரியாப் போயிரும்" என்று யாராவது சொல்வார்கள். எக்ஸ்ரே எடுக்காமல் அது சுளுக்கா எலும்பு முறிவா என்று கையால் தடவி உறுதியாகச் சொல்ல முடியாது. அடிபட்ட முழங்கையை நீவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து, கை மடங்காமல் போய்விடும். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்தில் தசை செத்துப் போகும். கட்டுப் போட்ட பிறகு விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப் போனாலோ, தாங்க முடியாமல் வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கட்டைத் தளர்த்தி அந்த நேரமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இரண்டு, பிள்ளை பெற்றவளின் ஒற்றைக் கால் வீக்கம். பச்சை உடம்புக்காரிக்கு, முக்கியமாகப் பிரசவத்துக்குப் பிந்திய ஆறு வாரங்களில், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாவதுண்டு. ஒரு கால் மட்டும் வீங்கும், சூடாக இருக்கும், கெண்டைக்கால் வலிக்கும். "வாயு இறங்கியிருக்கு" என்று உருவி விட்டால் அந்த உறைகட்டி கழன்று நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். நிமிடத்தில் உயிர் போய்விடும். கணவன்மாரே, இந்த ஒன்றையாவது நினைவில் வையுங்கள். ஒற்றைக் கால் வீங்கினால் தேய்க்க விடாதீர்கள், வண்டியைக் கூப்பிடுங்கள்.

மூன்று, கர்ப்பிணியின் வயிறு. பிள்ளை குறுக்கே இருக்கிறது, திருப்பி விடுகிறேன் என்று அமுக்கினால் நச்சுக்கொடி பிரிந்து தாயும் சேயும் ஆபத்தில் விழுவார்கள். சிசேரியன் ஆனவர்களும் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்து கொண்டவர்களும், புண் ஆறி டாக்டர் சரி சொல்லும்வரை வயிற்றில் எண்ணெய் தேய்க்கக் கூடாது.

நான்கு, பக்கவாதம். வாய் கோணுகிறது, ஒரு கை தூக்க முடியவில்லை, பேச்சுக் குளறுகிறது என்றால் உடனே 108. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எண்ணெய் வைத்தியசாலை தேடி அலைந்தால் அந்த நேரம் திரும்பக் கிடைக்காது. உயிர் தப்பிய பிறகு கை கால் பயிற்சிக்கு நிறைய நேரம் இருக்கிறது.

ஐந்து, காய்ச்சலோடு வருகிற முதுகு வலி, ராத்திரியில் கூடுகிற வலி, உடம்பு இளைத்துக் கொண்டே போவது, கால் மரத்துப் போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது. முதுகெலும்பில் காசநோயாகக்கூட இருக்கலாம். நீவி நீவி மாதங்களைக் கடத்தாதீர்கள்.

குழந்தைக்கு எண்ணெய்

பிறந்து 24 மணி நேரம் வரை குளிப்பாட்டவே வேண்டாம். அதன்பிறகு நல்ல எடையோடு சுகமாக இருக்கும் குழந்தைக்குத் தாயோ தகப்பனோ மென்மையாகத் தடவி விடலாம். காற்றில்லாத இடம், சுத்தமான கை, வெட்டிய நகம் இருந்தால் போதும். ஆனால் மூக்கிலும் காதிலும் கண்ணிலும் எண்ணெய் விடவே கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிக் கடும் சளிக்காய்ச்சலைக் கொண்டுவரும். தலையை அமுக்கி உருட்டுவது, மூக்கை இழுத்து விடுவது, உரம் எடுக்கிறேன் என்று தலைகீழாகப் பிடித்து உதறுவது எல்லாம் பிஞ்சு உடம்பு தாங்காது. எடை குறைந்த குழந்தை என்றால் கிராம சுகாதார செவிலியரைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம்.

எந்த வைத்தியசாலைக்குப் போவது?

போர்டு பெரிசா இருக்கேன்னு உள்ளே நுழையாதீங்க. சித்த மருத்துவர் என்றால் பி.எஸ்.எம்.எஸ்., இயற்கை மருத்துவர் என்றால் பி.என்.ஒய்.எஸ்., பிசியோதெரபி என்றால் பி.பி.டி. பட்டம் இருக்கும். படித்தவர்கள் அதைச் சொல்லத் தயங்க மாட்டார்கள். உள்ளே போனதும் இவற்றைக் கேளுங்கள்: உங்கள் படிப்பு என்ன, பதிவு எண் என்ன? எனக்கு என்ன கோளாறு? எத்தனை நாள் வர வேண்டும், மொத்தம் எவ்வளவு ஆகும்? எத்தனை நாளில் குணம் தெரியாவிட்டால் நிறுத்துவீர்கள்? பெண்களுக்குப் பெண் பணியாளர் உண்டா, கூட ஒருவர் இருக்கலாமா? கோபப்படாமல் பதில் சொல்கிறவரை நம்பலாம்.

லேபிள் இல்லாத மாத்திரையும் பொடியும் கொடுத்தால் வாங்காதீர்கள். அன்றைக்கே வலி பறந்து போகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். தொடர்ந்து சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். பக்கவாதம், வாதநோய், பிள்ளையின்மை இவற்றைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. "கர்ப்பப்பை நகர்ந்திருக்கு, நீவினாப் பிள்ளை தங்கும்" என்று சொல்கிறவர்களிடம் மனைவியை மட்டும் அனுப்பிப் பணத்தையும் வருஷத்தையும் இழக்காதீர்கள். பிள்ளைப்பேறு தாமதமானால் கணவன் மனைவி இருவருமே பரிசோதித்துக் கொள்ள வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் இருக்கும் சித்தப் பிரிவில் ஆலோசனையும் மருந்தும் இலவசம். எலும்பு, நரம்புக் கோளாறுக்குத் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி செய்பவர் வீட்டுக்கே வருகிறார். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து கொள்ளுங்கள். சந்தேகம் எது வந்தாலும் 104க்குப் போன் செய்து கேட்கலாம்.

கடைசியாக ஒரு வார்த்தை. வீட்டில் ஒருவருக்கு வலி என்றால் மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: எங்கே வலிக்குது, எப்போலேருந்து, எதனால் வந்தது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த, உழைத்துக் களைத்த உடம்பின் வலி என்றால் உங்கள் கையாலேயே எண்ணெய் தொட்டு நீவி விடுங்கள். அதைவிட நல்ல மருந்து எந்த வைத்தியசாலையிலும் கிடையாது. பதில் தெரியவில்லை என்றால் இருவருமாகக் கிளம்பி டாக்டரிடம் வாருங்கள்.