தூங்கும் பிள்ளைக்கு ஐந்து பேர் காவல்

 

காரோட்டில் ஒரு வீடு. அந்த வீட்டில் நான்கு வயதுப் பிள்ளை. பிள்ளைக்கு இரண்டு முறை வலிப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பாறசாலை ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். அங்கிருந்து திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். 1951இல் தொடங்கிய கல்லூரி அது.

"மூளையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கலாம்" என்றார் டாக்டர். நாள் குறித்தார். ஒரு சீட்டும் கொடுத்தார்.

எம்.ஆர்.ஐ. கருவி ஒரு பெரிய காந்தம். குழாய் போன்ற அதற்குள் படுக்க வேண்டும். அது 'டக் டக்' என்று பெரும் சத்தம் போடும். அரைமணி நேரம் ஆகலாம். கூடவும் ஆகலாம். அசைந்தால் படம் கலங்கிவிடும். பெரியவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். சின்னப் பிள்ளை பொறுக்குமா? அதனால் மருந்து கொடுத்துத் தூங்க வைக்கிறார்கள்.

தொட்டில் தூக்கம் வேறு. மருந்துத் தூக்கம் வேறு. தொட்டிலில் தூங்கும் பிள்ளைக்குப் புரை ஏறினால் இருமும். விழித்துக்கொள்ளும். மருந்துத் தூக்கத்தில் இருமல் வராமல் போகலாம். வயிற்றில் உள்ளது மேலே வந்தால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். அது உயிருக்கே ஆபத்து.

அதனால்தான் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்கிறார்கள். பொதுவான கணக்கு இது. சோறு, பலகாரம், பசும்பால் ஆகியவற்றை 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். எண்ணெய்ப் பண்டம், இறைச்சி என்றால் 8 மணி நேரம். தாய்ப்பால் என்றால் 4 மணி நேரம். வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம். அதற்கு மேல் பட்டினி போடுவதும் நல்லதல்ல. ஆஸ்பத்திரி தரும் நேரத்தையே கடைப்பிடிக்க வேண்டும்.

சீட்டு மலையாளத்தில் இருந்தது. தாய் அதை இன்னொருவரிடம் காட்டிக் கேட்டாள். நேரத்தைத் தமிழில் எழுதினாள். அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டினாள். நல்ல காரியம் செய்தாள்.

அந்த நாள் வந்தது. 11 மணிக்கு ஸ்கேன். பாறசாலையில் பஸ் ஏறினார்கள். நெய்யாற்றின்கரை தாண்டியது. பிள்ளை பசித்து அழுதது. தாய் கண் அயர்ந்திருந்தாள். பாட்டிக்கு மனம் பொறுக்கவில்லை. பிளாஸ்கில் இருந்த பாலை அரை தம்ளர் கொடுத்தாள். அப்போது மணி 8.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டார்: "கடைசியாக என்ன கொடுத்தீர்கள்? எப்போது கொடுத்தீர்கள்?"

"நேற்று ராத்திரி கஞ்சி" என்றாள் தாய்.

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னாள்: "பஸ்ஸில் கொஞ்சம் பால் கொடுத்தேன், மக்களே."

நர்ஸ் ஏசவில்லை. டாக்டரிடம் சொன்னார். ஸ்கேன் பிற்பகலுக்குத் தள்ளிப் போனது. "நல்ல வேளை சொன்னீர்கள், அம்மா" என்றார் டாக்டர்.

தவறு எங்கே நடந்தது? பாட்டிக்கு வாசிக்கத் தெரியாது. சுவரில் சீட்டு இருந்தது. அதை யாரும் அவளுக்கு வாசித்துச் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட தவறு பெரிய ஊர்களிலும் நடக்கும். 2001இல் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் ஒன்று நடந்தது. ஆறு வயதுச் சிறுவனை மயக்கி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அவனுக்கு ஆக்சிஜன் தேவைப்பட்டது. அவசரத்தில் இரும்பு உருளை ஒன்று அந்த அறைக்கு வந்தது. காந்தம் அதை இழுத்தது. உருளை பறந்து போய்ச் சிறுவனின் தலையில் மோதியது. சிறுவன் இறந்து போனான். எல்லோரும் அவனைக் காப்பாற்றவே ஓடினார்கள். ஆனால் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குப் போய்ச் சேரவில்லை.

2018இல் மும்பையிலும் ஆக்சிஜன் உருளையோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போன ஒருவர் உயிரிழந்தார். படம் எடுக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் இழுக்கும். அதனால் கொலுசு, காப்பு, அரைஞாண், சாவி, சில்லறை எல்லாவற்றையும் வெளியே வைக்க வேண்டும். தாயின் சங்கிலியில் கோத்த ஊக்கையும் மறக்கக் கூடாது.

தூங்கும் பிள்ளைக்கு ஐந்து பேர் காவல். நோயைப் பார்க்கும் டாக்டர் ஒருவர். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஒருவர். அவர் கண் பிள்ளையின் மூச்சின் மேலேயே இருக்கும். நர்ஸ் ஒருவர். படம் எடுப்பவர் ஒருவர். ஐந்தாவது ஆள் வீட்டார்.

விரலில் மாட்டும் கவ்வியும் துணை செய்யும். அது இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனைக் காட்டும். 1974இல் ஜப்பானில் தகுவோ அவோயாகி என்ற பொறியாளர் இதற்கு வழி கண்டார். ஆனால் பிள்ளை பால் குடித்ததா என்று எந்தக் கருவியும் அவ்வளவு எளிதில் சொல்லிவிடாது. அதை வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

சளி, காய்ச்சல், தூக்கத்தில் குறட்டை, முன்பு மருந்து ஒத்துக்கொள்ளாமை இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் கேட்க வேண்டும்.

படம் எடுத்து முடிந்தாலும் காவல் முடியவில்லை. பிள்ளை நன்றாக விழித்த பிறகே தண்ணீர் கொடுக்க வேண்டும். டாக்டர் சொன்ன பிறகே வீட்டுக்குப் புறப்பட வேண்டும். திரும்பும் வழியில் பெரியவர்கள் இருவர் இருப்பது நல்லது. மடியில் தூங்கும் பிள்ளையின் தலை முன்னால் கவிழக் கூடாது. கவிழ்ந்தால் மூச்சு அடைபடும். உதடு நீலமானால், மூச்சு திணறினால், எழுப்பியும் எழவில்லை என்றால் உடனே 108க்குக் கூப்பிட வேண்டும். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அன்று பிற்பகல் அந்தப் பிள்ளைக்குப் படம் எடுத்தார்கள். மாலையில் பிள்ளை கண் விழித்தது. முதலில் பாட்டியைத்தான் தேடியது.

எழுதப் படித்தவர் தாம் வாசித்தால் மட்டும் போதாது. வாசிக்கத் தெரியாதவருக்கும் வாசித்துச் சொல்ல வேண்டும். தவறு நடந்துவிட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொல்பவரை யாரும் ஏசக் கூடாது. அப்போதுதான் ஐந்து பேரும் சேர்ந்து பிள்ளையைக் காக்க முடியும்.