திரும்பி வரும் பார்சல்

மேடையில பேசிப் பழக்கமில்லை, தப்பிருந்தா பொறுத்துக்கோங்க. ஈரோட்டில் மூணு தையல் மிஷின் வைத்து நைட்டி தைக்கிறேன். பாதி வாட்ஸ்அப்பில் விற்பனை, மீதி ஆன்லைன் தளத்தில். 'ரிவர்ஸ் லாஜிஸ்டிக்ஸ்' பற்றிப் பேசச் சொன்னாங்க. பேர்தான் பெரிசு. வித்த சரக்கு நம்ம வாசலுக்கே திரும்பி வர்றதுதான் விஷயம்.

ஒரு நைட்டி 350 ரூபாய். அதில் எனக்கு நிற்பது 50. கூரியருக்குப் போக 60, வர 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒண்ணு திரும்பினா, அடுத்த ரெண்டு மூணு நைட்டியின் லாபம் அதுக்கே சரியாப் போச்சு. பெரிய கம்பெனிக்குத் தனிக் கிடங்கு, தனி ஆள். நமக்குத் திண்ணைதான் கிடங்கு. வந்ததைப் பிரித்து, கறை பார்த்து, துவைச்சிருக்காங்களான்னு மோந்து பார்த்து, இஸ்திரி போட்டு, புதுக் கவர் மாற்றும் நேரத்தில் ஒரு நைட்டியே தைத்துவிடலாம்.

ஒரு தடவை திரும்பி வந்த கவரில் பழைய துண்டு இருந்தது. தளத்தில் புகார் கொடுத்தேன். பார்சலைப் பிரித்த வீடியோ கேட்டார்கள். என்னிடம் இல்லை, பணமும் வரவில்லை. இப்போ கட்டும்போதும் பிரிக்கும்போதும் போனை ஸ்டாண்டில் மாட்டிவிடுகிறேன்.

அடுத்தது கணக்கு. வெளிமாநிலத்துக்கும் அனுப்புவதால் ஜி.எஸ்.டி. எடுத்திருக்கிறேன். திரும்பி வந்த சரக்குக்கு கிரெடிட் நோட் போட்டால்தான் கட்டிய வரியைக் கழிக்க முடியும். 2025-26இல் விற்றது என்றால் 2026 நவம்பர் 30 கடைசி. ஆண்டு ரிட்டர்ன் அதற்கு முன்பே போட்டுவிட்டால் அதோடு முடிந்தது. முதல் வருஷம் எனக்கு இது தெரியாது. வராத காசுக்கு வரி கட்டிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆடிட்டர் திட்டினதுக்கு அப்புறம் ரிட்டர்னுக்குன்னே தனி நோட்டு.

வாங்குறவங்க உரிமையை நான் குறை சொல்லலை. பொருள் பழுது, போலி, படத்தில் காட்டியது வேறு, சொன்ன நாளில் வரவில்லை, இப்படி இருந்தால் விற்பவர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்கிறது 2020 மின்வணிக விதி. மறுத்தால் 1915க்குப் போன் பண்ணுங்க. நானும் வாங்குறவதானே, நானே பண்ணியிருக்கேன்.

ஆனா என் வாசலுக்கு வர்றதுல நிறைய, பிரிக்காமலே வர்றது. கேஷ் ஆன் டெலிவரி. "அவர் ஊர்ல இல்லை", "பசங்க தெரியாம போட்டுட்டாங்க". அந்தப் பார்சல் ஊர் சுற்றி வருவதற்குள் தீபாவளி முடிந்துவிடும். துணிக்கடைக்காரருக்கு நான் கொடுக்க வேண்டிய பாக்கி மட்டும் நிற்காது.

சைஸை எல், எக்ஸ்எல் என்று போடாமல் இன்ச் கணக்கில் போட ஆரம்பித்தேன். படத்தை வெயில் வெளிச்சத்தில் எடுத்தேன். அனுப்பும் முன் ஒரு போன். ரிட்டர்ன் நல்லாவே குறைஞ்சது. நின்னு போகலை.

வேண்டாம்னு தோணினா, பார்சல் கிளம்பும் முன்னாடியே செல்போன்ல கேன்சல் போட்டுடுங்க. வாட்ஸ்அப்பில் "வேண்டாம்க்கா"ன்னு ஒரு வரி வந்தாக்கூட எனக்கு அந்த 120 ரூபாய் மிச்சம்.