மூவர் இசையில் நால்வர்



சங்க ஆண்டுவிழாவில் மேனாட்டு இசை எதற்கு என்று சிலர் வினவினர். நம் கச்சேரி மேடையை அணிசெய்யும் பிடிலே அங்கிருந்து வந்ததன்றோ!

இத்தாலியரான ஆர்க்காஞ்செலோ கொரெல்லி, 1681-இல் உரோமாபுரியில் பன்னிரண்டு மூவர் சொனாட்டாக்களை அச்சேற்றி, சுவீடனின் முன்னாள் அரசி கிறிஸ்டினாவுக்குக் காணிக்கையாக்கினார். இரண்டு பிடில்கள், ஓர் அடிக்குரல், ஆக மூன்று. அமர்பவரோ நால்வர்! அடிக்குரலைத் தாழ்ந்த தந்திக்கருவி ஒன்று இசைக்க, ஆர்கன் வாசிப்பவரும் இடக்கையால் அதனையே தொடர்வார். அவருடைய ஏட்டில் அவ்வொரு வரியும், 6, 7 என்பன போன்ற எண்களுமே உண்டு. அடிச்சுரத்திலிருந்து ஆறாவதை, ஏழாவதைச் சேர்த்திசைக்க என்பது பொருள். எங்ஙனம் சேர்ப்பது, எங்கே அடங்குவது என்பன அவர் வலக்கைக்கே விடப்பட்டன.

பிடில்களுள் தலைவன், துணைவன் என்ற பேதமில்லை. ஒன்று நின்ற சுரத்திலேயே நிற்க, மற்றது வந்து உரசும். நின்றது ஒருபடி இறங்கியதும் செவி குளிரும். அவ்வுரசலே இவ்விசையின் உயிர் என்போம்.

பிற்காலத்தில் எண்களைக் கண்டு வாசிக்கும் பழக்கம் அருகிற்று. பதிப்பாளர்கள் வலக்கைப் பகுதியையும் எழுதித் தரலாயினர். பிழை குறைந்தது, உடன்வாசிப்பவரின் மனோதர்மமும் உடன் குறைந்தது. இருபதாம் நூற்றாண்டில் பழங்கருவிக் குழுவினர் அவ்வெண்களையே மீண்டும் நாடினர். நம் மிருதங்க வித்துவானுக்குக் கீர்த்தனைப் புத்தகத்தில் ஒரு வரியேனும் உண்டோ? அவரை யாரும் எழுதிக் கட்டவில்லை.

சற்றுப் பொறுத்து ஒலிப்பதிவைக் கேட்போம். முதன்முறை பிடில்களைக் கேளுங்கள். மறுமுறை அவ்வலக்கையைத் தேடுங்கள்.