தீவகத்துப் பழைய வண்டியும் அதன் பிரேக்கும்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் மலை இல்லை. நெடுந்தீவின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை நிலம் பலகைபோற் கிடக்கிறது. இத்தகைய சமநிலத்தில் ஓடும் மோட்டார் வண்டிக்குப் பிரேக் அத்தனை முக்கியமா என்று எண்ணுவாரும் உளர். அவர்கள் குறிகட்டுவான் இறங்குதுறையை ஒருமுறை நினைத்துப் பார்த்தல் நன்று. பண்ணையிலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாக வரும் தெரு அங்கே கடலோடு முடிகிறது. நயினாதீவுக்குச் செல்லும் அடியாரும் நெடுந்தீவுக்குச் செல்லும் பயணிகளும் மூட்டை முடிச்சுகளுடன் அங்கேதான் கூடி நிற்பர். அவ்விடத்தில் வந்து நிற்கவேண்டிய வண்டி நிற்காவிட்டால் என்ன நேரும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

குடாநாட்டில் ஒஸ்டின், மொறிஸ் மைனர் முதலிய பழைய ஆங்கில வண்டிகள் நெடுங்காலம் உழைத்து வந்திருக்கின்றன. மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று. பின்புறம் திறந்த தட்டுடைய அதன் சிறிய பிக்அப் வண்டி 1953ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1990ஆம் ஆண்டு தொடங்கி வடக்கிற்கு எரிபொருள் செல்வது தடைப்பட்டபோது, இத்தகைய வண்டிகள் சில துளி பெற்றோலிற் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. ஓட வழியற்றவை கொட்டிலில் ஆண்டுக்கணக்காக நின்றன.

நீண்டநாள் நின்ற வண்டியின் இயந்திரம் மீண்டும் முழங்கினால் வீட்டார் மகிழ்வர். ஆயினும் இயந்திரம் பழுதானால் வண்டி ஓடாது, அவ்வளவே. பிரேக் பழுதானாலோ வண்டி நில்லாது. முதற் கவனம் பின்னதற்கே உரியது.

இவ்வண்டியின் பிரேக் எண்ணெயழுத்தத்தால் இயங்குவது. மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின்மீது செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் ஒருபடித்தாகப் பரவும் என்பதை 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கால் என்னும் பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். ஓட்டுநர் மிதியை அழுத்தியதும் மாஸ்டர் சிலிண்டரினுள்ளே பிஸ்டன் நகர்ந்து எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய்கள் வழியே நான்கு சில்லுகளையும் எட்டி அவற்றைப் பிடித்து நிறுத்துகிறது. எண்ணெய் பின்னோக்கிக் கசியாமல் தடுப்பது கிண்ணம் போன்ற ஓர் இறப்பர் வாஷர். நான்கு சில்லுகளுக்கும் ஒரே சிலிண்டர், ஒரே எண்ணெய்ச் சுற்று. ஆதலால் அந்த வாஷர் தவறினால் மிதியின் வேலை முழுவதும் தவறும். பின்சில்லுகளைக் கம்பியாற் பிடிக்கும் கைப்பிரேக் ஒன்றே அப்போது மிஞ்சும்.

பிரேக் எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புண்டு. டொட் 3 எனப்படும் வகை புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் குறைந்த சூட்டிற் கொதிப்பதில்லை. ஈரத்தை உறிஞ்சியபின் அந்த எல்லை 140 பாகைவரை இறங்கலாம். அதனினும் கொடியது, அந்த ஈரம் இரும்புச் சிலிண்டரின் உட்சுவரை அரித்துக் குழி விழச் செய்வது. கடற்கரை வண்டிக்கு வெளியே உப்புக்காற்றும் பகை, உள்ளே ஈரமும் பகை.

நோயை அறிவது கடினமன்று. வண்டியை நிறுத்திவிட்டு மிதியைச் சீராக அழுத்திப் பிடிக்க வேண்டும். மிதி மெல்ல மெல்லத் தாழ்ந்தால் எங்கோ கசிவு உண்டு. நான்கு சில்லுகளிலும் குழாய் இணைப்புகளிலும் ஈரம் காணப்படாவிடின், குறை மாஸ்டர் சிலிண்டரினுள்ளேதான் என்று கொள்ளலாம்.

மொறிஸ் மைனரில் இந்தச் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தளத்தட்டின்கீழ், சட்டத்தினுள்ளே பொருந்தியிருக்கிறது. முன்சில்லைத் தாங்கும் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்பதால் அதன் ஆணிகளை எளிதில் உருவ முடியாது. இந்தச் சிரமத்துக்கு அஞ்சியே பலர் எண்ணெயை மட்டும் நிரப்பிவிட்டு நாளைக் கடத்துவர். அங்காடியிற் கிடைத்த இயந்திர எண்ணெயை ஊற்றுவதோ அதனினும் பெருந்தவறு. கனிம எண்ணெய் பட்டால் அந்த இறப்பர் ஊதிக் கெட்டுவிடும். உட்பாகங்களைப் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவதும் ஆகாது.

கழற்றிய சிலிண்டரின் உட்சுவரை வெளிச்சத்திற் பிடித்துப் பார்க்க வேண்டும். கண்ணாடிபோல் வழவழப்பாயின் வாஷர்களை மட்டும் மாற்றலாம். குழி விழுந்திருந்தால் புது வாஷரும் சில நாளில் கிழியும்; அப்போது சிலிண்டரையே மாற்ற வேண்டும், அல்லது கைதேர்ந்த கடைசற்காரரிடம் கொடுத்து உள்ளே புதுக் குழல் இடுவித்தல் வேண்டும்.

புதியதைப் பூட்டுகையில் உந்துதண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி விடப்பட வேண்டும். அது இல்லையேல் எண்ணெய் தன் கலத்துக்குத் திரும்பும் துளை அடைபட்டு, சில்லுகள் தாமாகவே இறுகும். பின்னர் குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. குழாயிற் காற்றிருந்தால் மிதி பஞ்சுபோல் அமிழும். சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள பின்சில்லிலே தொடங்கி, அண்மையிலுள்ள முன்சில்லில் முடித்தல் முறை. ஒருவர் மிதிக்க, மற்றவர் சில்லின் சிறு திருகாணியைத் திறந்து, மிதி மேலெழுமுன் மூடவேண்டும். வெளிவந்த எண்ணெயைத் திரும்ப ஊற்றலாகாது. எல்லாம் முடிந்தபின் ஆளில்லா வெளியில், நடைவேகத்தில் ஓட்டிப் பார்த்தே தெருவுக்கு எடுத்தல் தகும்.

நெடுந்தீவில் ஓடும் வண்டிக்கு ஓர் உதிரிப்பாகம் வேண்டுமாயின் அது கடல் கடந்து வரவேண்டும். படகு வரும்வரை வண்டியை நிறுத்தி வைப்பது வருமான இழப்புத்தான். காத்திருக்கும் நாளில் ஒரு நோயாளியை ஏற்றவேண்டி நேரலாம். இறங்குதுறைக்குச் சுமை கொண்டுசெல்லும்படி அயலவர் கேட்கலாம். இல்லையென்று சொல்வது எளிதன்று. ஆயினும், “பிரேக் இல்லை, வேறு வண்டி பாருங்கள்” என்று சொல்லும் ஓட்டுநர் அந்தப் பயணிக்கு நன்மையே செய்கிறார். பின்தட்டில் ஏறி அமர்வோர் சிலிண்டரைப் பார்ப்பதில்லை. ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தே ஏறுகிறார்கள்.